ரயர் வெட்டு வடிவுக்கோ வேலைக்கோ? கடையில அடிக்கடி கேக்கிற கேள்வியள்

மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற றோட்டுப் பக்கம் நான் ரயர் கடை வச்சு 17 வருசமாகுது. வாற சனம் ரயரைக் கையால ஒருக்காத் தடவிப் பாத்திட்டுக் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்தான், வயலுக்குப் போறவையும் கேப்பினம், ரிப்பர் ஓடுறவையும் கேப்பினம், ஸ்கூட்டியில வாற தங்கச்சிமாரும் கேப்பினம். காத்து அடிச்சுக்கொண்டு நிக்கேக்க முழுசாச் சொல்லி முடிக்க ஏலாது, அதால எல்லாத்தையும் ஆறுதலா இஞ்ச எழுதி வைக்கிறன். கேள்வியளை அவையள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன்.

அண்ணை, ரயரில உந்தக் கோடு கீடெல்லாம் சும்மா வடிவுக்குத்தானே?

இல்லை. ஆனா வடிவுக்கு இல்லவே இல்லையெண்டும் சொல்லமாட்டன், ரெண்டும் கலந்துதான் இருக்கு. ரயர் நிலத்தில முட்டுற பக்கத்தைப் பாத்தீங்களெண்டா நாலு சாமான் இருக்கும்: எழும்பி நிக்கிற கட்டை, ரயரைச் சுத்தி முறியாம ஓடுற பட்டி, இதுகளுக்கு நடுவில பள்ளமாப் போற தவாளிப்பு, பிறகு கட்டைக்கு மேல பிளேட்டால கீறின மாதிரி மெல்லிய கீறல். இந்த நாலையும் எங்க, எவ்வளவு ஆழமா, எந்தச் சரிவில வைக்கிறதெண்டதுதான் வெட்டு. தவாளிப்பு தண்ணியையும் சேத்தையும் வெளியில தள்ளும், கட்டை நிலத்தைக் கவ்வும், பட்டி நேராப் போக வைக்கும்.

வடிவு எங்க வருதெண்டா, தண்ணி தள்ளுறதுக்கு தவாளிப்பு வேணுமெண்டது வேலை, அந்தத் தவாளிப்பு மின்னல் மாதிரி வளையோணுமோ அலை மாதிரி வளையோணுமோ எண்டதில கீறுற ஆளுக்குக் கனக்க இடம் இருக்கு. அந்த இடத்திலதான் ஒவ்வொரு கொம்பனியும் தன்ர முகத்தைக் காட்டுது. இதை ஞாபகம் வச்சிருங்கோ, கடைசிப் பக்கமா வாற சட்டக் கேள்வியளுக்கு இதுதான் திறப்பு.

முதல்முதல் ரயர் வரேக்கயே டிசைனோடதான் வந்ததோ?

மொட்டையாத்தான் வந்தது. காத்தடிக்கிற ரயருக்கு முதல் காப்புரிமை எடுத்தவர் ஸ்கொட்லாந்துக்காரர் றொபேட் வில்லியம் தொம்சன், 1845இல, ஆனா அந்தக் காலத்தில அதுக்கேத்த வாகனமும் இல்லை றோட்டும் இல்லை, அப்பிடியே மறந்து போச்சினம். பிறகு 1888இல பெல்பாஸ்ற்றில ஜோன் பொய்ட் டன்லொப் தன்ர மகன்ர மூண்டு சில்லுச் சைக்கிளுக்குச் செய்து பாத்ததுதான் உலகம் முழுக்கப் பரவினது. கார் வந்து வேகம் கூடினாப் பிறகுதான் நனைஞ்ச றோட்டில மொட்டை ரயர் சறுக்குதெண்டு விளங்கினது, 1904இல ஜேர்மனியின்ர கொன்ரினென்ரல் கொம்பனி வெட்டுப் போட்ட கார் ரயரை இறக்கினது.

எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது 1908இல பயர்ஸ்ரோன் எண்ட அமெரிக்க ரயர்க் கொம்பனி செய்த வேலை. 'பயர்ஸ்ரோன்', 'சறுக்காது' எண்ட அர்த்தத்தில ரெண்டு சொல்லு, அந்த எழுத்துக்களையே சரிவாச் சரிவா ரயரைச் சுத்தி மேல எழும்பி நிக்கிற மாதிரி அச்சில ஊத்தி விட்டினம். எழுத்துத்தான் கட்டை, எழுத்துக்கு இடையில இருக்கிற இடம்தான் தவாளிப்பு. அந்தக் கார் ஓடின மண் றோட்டெல்லாம் கொம்பனியின்ர பேர் பதிஞ்சிருக்கும். பிடியும் குடுக்கோணும் வடிவாவும் இருக்கோணும் பேரும் சொல்லோணும், மூண்டையும் ஒரே வெட்டில முடிச்சிருக்கிறாங்கள், 100 வருசம் தாண்டியும் எனக்கு அது பெரிய விசயமாத் தெரியுது.

எத்தினை வகை டிசைன் இருக்கு? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ

பேர் நூறு இருக்கும், குடும்பம் எண்டு பாத்தா ஒரு அஞ்சு. நீளப் பட்டி போனது: லொறி, பஸ் முன் சில்லில பாப்பியள், ஸ்ரியறிங் நேரா நிக்கும், சத்தம் குறைவு. குறுக்குக் கட்டை போட்டது: உழவு மெசினிலயும் ரிப்பர் பின் சில்லிலயும் இருக்கிறது, இழுவைக்கு. தனித்தனிக் கட்டையா நிக்கிறது: ஜீப், கப் வாகனம், காட்டு றோட்டு ஓடுற பைக். பிறகு ஒரு பக்கம் மட்டும் சுத்தோணுமெண்டு அம்புக்குறி போட்டது. அஞ்சாவது, உள்பக்கம் ஒரு வெட்டும் வெளிப்பக்கம் வேற வெட்டுமா இருக்கிறது, புதுக் காருகளில வருது, வெளிப்பக்கம் பெரிய கட்டை வளைவில பிடிக்கிறதுக்கு, உள்பக்கம் கனக்கத் தவாளிப்பு தண்ணிக்கு.

அம்புக்குறி போட்டதை மாறிப் போட்டால் தண்ணியை வெளியில தள்ளுறதுக்குப் பதிலா நடுவுக்கு இழுக்கும். ரயர் மாத்திற பொடியன் அவசரத்தில போட்டுட்டாலும் நீங்கள் ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ, ரயரின்ர பக்கவாட்டில அம்பு இருக்கும்.

உழவு மெசின் ரயரில ஏன் அம்பு மாதிரிப் பெரிய கட்டை?

சேத்துக்குள்ள அந்தக் கட்டை மண்வெட்டி மாதிரி வேலை செய்யுது. நடுவில இருக்கிற கூர் முதல் நிலத்தில இறங்கும், பிறகு கட்டை வெளிப்பக்கமா இறங்கிக்கொண்டு போகும், அப்ப சேறு ரெண்டு பக்கமும் வழிஞ்சு வெளியில போகும், அடுத்த சுத்துக்கு ரயர் துப்புரவா வரும். சரியாப் போட்டிருக்கோ எண்டு பாக்க மெசினுக்குப் பின்னால நிண்டு பாருங்கோ, கட்டையள் வீட்டுக் கூரை முகடு மாதிரி மேல கூரா நிக்கோணும். தலைகீழா நிண்டால் மாறிப் போட்டிருக்கு, சேத்தை உள்ளுக்கு இழுத்து நடுவில அப்பிக்கொள்ளும்.

மெசினுக்குக் காத்து ரயர் வந்ததே 1932இலதான், அமெரிக்காவில அலிஸ் சால்மேர்ஸ் மெசினுக்கு பயர்ஸ்ரோன் போட்டுக் குடுத்தது, அதுக்கு முதல் கூடுதலா இரும்புச் சில்லு. இப்ப பக்கவாட்டில ஆர் 1, ஆர் 2 எண்டு அடிச்சிருக்கும், ஆர் 1 சாதாரண தறைக்கும் உழவுக்கும், ஆர் 2 நெல்லு வயலுக்கும் கரும்புக்கும், கட்டை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரம். ஆர் 2வைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கிப்போட்டு, வருசத்தில கன நாள் காபட் றோட்டில பெட்டி இழுத்தா அந்த உயரக் கட்டை கெதியாத் தேயும், காசு கரையிறது கண்ணுக்குத் தெரியும். காலபோகத்துக்கு மட்டும் வயல், மற்ற நாள் முழுக்க மணலும் கல்லும் ஏத்துறது எண்டால் ஆர் 1 காணும்.

அப்ப சுரியில தடத்தைப் பாத்து மெசின் எந்தப் பக்கம் போனதெண்டு சொல்லலாமோ?

சொல்லலாம், ஆனா கனபேர் மாறித்தான் சொல்லுவினம். தடத்தில அம்பு மாதிரிக் கிடக்கும், அம்பு காட்டுற பக்கம்தான் மெசின் போயிருக்கெண்டு நினைப்பம். உண்மை மற்றப்பக்கம். மேல சொன்ன மாதிரி கூர்தான் முதல் நிலத்தில முட்டுது, கட்டையின்ர ரெண்டு நுனியும் பிறகுதான் முட்டுது, மெசின் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறதால நுனி ரெண்டும் கூருக்கு முன்னால பதியும். அதால கூர் காட்டுறது மெசின் வந்த பக்கத்தை. ரயர் சரியாப் பூட்டியிருந்தால்தான் இது சரிவரும்.

ஒருக்கா வாய்க்கால் கரையில இரவில யாரோ வரம்பை மிதிச்சுப்போட்டுப் போனதெண்டு ரெண்டு பக்கத்து வயல்காரரும் பிரச்சினைப்பட்டு, தடத்தைப் பாக்க என்னைக் கூப்பிட்டவை. நான் போய் அவையின்ர மெசினையே ரெண்டடி ஓட்டிக் காட்டினாப் பிறகுதான் நம்பினவை.

லாண்ட்மாஸ்ரருக்கு (ரெண்டு சில்லு உழவு மெசின்) சேத்துக்க இரும்புச் சில்லுதானே போடுறம், பிறகேன் ரயரில டிசைன் பாக்கோணும்?

சேத்து உழவுக்கு இரும்புச் சில்லு சரி. ஆனா வயலுக்குப் போற வழி, புழுதி உழவு, பிறகு நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு மில்லுக்குப் போறது எல்லாம் ரயரிலதானே. இரும்புச் சில்லோட தார் றோட்டில ஏறாதேங்கோ, உங்கட சில்லும் வளையும் எல்லாற்ற றோட்டும் கிழியும்.

பைக்குக்கு முன் ரயரும் பின் ரயரும் ஏன் வேற வேற வெட்டு?

ரெண்டுக்கும் வேலை வேற. பின் சில்லு தள்ளுது, முன் சில்லு திருப்புது, பிறேக் பிடிக்கேக்க பாரம் முழுக்க முன்னுக்குத்தான் வருது. அதால எங்கட ஊர் ஓடுற சின்ன பைக்குகளில முன்னுக்கு நீளக்கோடு கூடின வெட்டும் பின்னுக்குக் கட்டை கூடின வெட்டும் வரும். சில ரயரில அதே டிசைன்தான், ஆனா முன்னுக்குத் தலைகீழா இருக்கிற மாதிரித் தெரியும், அதுவும் பிழையில்லை, பின் ரயரில விசை ஒரு பக்கம் இழுக்கும், முன் ரயரில பிறேக் மற்றப் பக்கம் இழுக்கும், அதுக்கேத்த மாதிரித்தான் ரப்பரை ஒட்டியும் வெட்டியும் இருக்கினம். வடிவு பொருந்தேல்லையெண்டு கழட்டித் திருப்பிப் பூட்டச் சொல்லிக் கேட்டு வந்தவை இருக்கினம். அம்பு சொல்லுறதை மட்டும் கேளுங்கோ.

றேஸ் காருக்கு மொட்டை ரயர்தானே, அப்ப மொட்டை நல்லாப் பிடிக்குமெண்டுதானே அர்த்தம்?

காஞ்ச றோட்டில, ஓம். தவாளிப்பு இல்லாட்டி ரப்பர் கூட நிலத்தில முட்டும், பிடி கூடும். போர்முலா 1இலயும் 1998இல இருந்து 2008 வரைக்கும் வேகத்தைக் குறைக்கிறதுக்கெண்டே கோடு வெட்டின ரயர் போடச் சொல்லி விதி இருந்தது, 2009இல திரும்ப மொட்டை வந்தது. ஆனா மழை பெய்தா அவங்கள் உடன வெட்டுப் போட்ட ரயருக்கு மாத்திறாங்கள். ஏ9 பெருந்தெருவில கார்த்திகை மாசம் மழைக்க போகேக்க உங்களுக்கு ரயர் மாத்தித் தர ஆர் நிக்கினம்? அதோட றேஸ் ரயரின்ர ரப்பர் வேற, மெத்தெண்டு ஒட்டுற ரப்பர், எங்கட தேஞ்ச ரயர் வெயில் குடிச்சு இறுகின ரப்பர். ரெண்டையும் ஒண்டாப் பாக்கிறது பிழை.

தண்ணி கனக்க நிண்டு தவாளிப்பால வெளியேத்த ஏலாமப் போனால் ரயர் நிலத்தை விட்டுத் தண்ணிக்கு மேல ஏறி மிதக்கும், ஸ்ரியறிங்கும் கேக்காது பிறேக்கும் கேக்காது. நாசா ஆக்கள் 1963இல விமான ரயரை வச்சு இதுக்கு ஒரு கணக்குச் சொன்னவை: ரயர்க் காத்து எத்தினை பிஎஸ்ஐயோ அதின்ர வர்க்கமூலத்தை 16.6ஆல பெருக்கினா எத்தினை கிலோமீற்றர் வேகத்தில மிதக்கத் தொடங்குமெண்டு வரும். 30 பிஎஸ்ஐக்கு கிட்டத்தட்ட 91, 20க்கு 74. வெட்டு நல்லா இருந்தா இந்த வேகத்துக்கும் தாங்கும், மொட்டையெண்டா கொஞ்சத் தண்ணியே காணும். காத்துக் குறைவா, மொட்டை ரயரோட, மழைக்க 80இல போற வானைப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறும். அதுக்குள்ள எத்தினை பிள்ளையள் இருக்குதுகளோ எண்டுதான் முதல் நினைப்பு வரும்.

எப்ப மாத்தோணுமெண்டு எப்பிடித் தெரியும்?

தவாளிப்புக்கு உள்ள அடியில குறுக்கால சின்ன மேடு அங்கங்க இருக்கும், ரயரின்ர தோள்ப் பக்கத்தில ஒரு முக்கோணமோ டிடபிள்யூஐ எண்ட எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். கார், வான் ரயரில அந்த மேட்டின்ர உயரம் 1.6 மில்லிமீற்றர். கட்டை தேஞ்சு அந்த மேட்டோட சமனா வந்திட்டெண்டா ரயர் முடிஞ்சுது. புதுக் கார் ரயரில தவாளிப்பு 8 மில்லிமீற்றர் கிட்ட இருக்கும், அதை வச்சுக் கணக்குப் பாருங்கோ.

மழை காலம் தொடங்க முதல், புரட்டாதியில ஒருக்காப் பாக்கிறது நல்லது. நான் நெருப்புக்குச்சியைத் தவாளிப்புக்க விட்டுக் காட்டுறனான், மருந்துத் தலை முழுக்க மறையேல்லையெண்டா அடுத்த மழைக்கு அந்த ரயரை நம்பாதேங்கோ.

புது ரயரில மயிர் மாதிரி நிக்குதே, அது என்ன?

ரயரை இரும்பு இல்லாட்டி அலுமினிய அச்சுக்குள்ள வச்சு அவிக்கேக்க உள்ள இருக்கிற காத்து வெளியேறோணும், அதுக்குச் சின்ன ஓட்டையள் விட்டிருப்பினம், ரப்பர் கொஞ்சம் அதுக்குள்ளயும் போயிடும். அதுதான் மயிர். வேலை ஒண்டும் இல்லை, ஓட ஓடத் தேஞ்சிடும்.

கட்டையள் எல்லாம் ஒரே அளவா இல்லையே, அச்சுப் பிழையோ?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு மேசன், கண் அளவு பிழைக்காது. கார் ரயரில கட்டையளை அளந்து பாத்தா ஒண்டு கொஞ்சம் நீளம், அடுத்தது நீளம் குறைவு, பிறகு நடுத்தரம் எண்டு மாறி மாறி வரும். வேணுமெண்டுதான் அப்பிடி. எல்லாம் ஒரே அளவில இருந்தா ஒவ்வொரு கட்டையும் ஒரே இடைவெளியில நிலத்தில அடிச்சு ஒரே சுருதியில ஊளையிடும், அளவை மாத்தினா சத்தம் பல சுருதியாச் சிதறிக் காதுக்கு இரைச்சல் குறையும். மெசின் ரயர் தார் றோட்டில போகேக்க வாற 'ங்ங்ங்' சத்தம் கட்டையெல்லாம் ஒரே அளவா இருக்கிறதால வாறது.

பிளேட்டால கீறின மாதிரி மெல்லிய கீறல் எதுக்கு? வெடிச்சிருக்கோ எண்டு பயந்திட்டன்

வெடிப்பில்லை. நனைஞ்ச றோட்டில கட்டை அமத்தேக்க அந்தக் கீறல் வாய் திறந்து, ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாக் கவ்வும். ஆங்கிலத்தில அதை 'சைப்' எண்டுவினம், அது ஒரு ஆளின்ர பேர்: ஜோன் சைப், 1923இல அமெரிக்காவில காப்புரிமை எடுத்தவர். இறைச்சிக் கூடத்தில நனைஞ்ச தறையில சறுக்கிச் சறுக்கி, சப்பாத்தின்ர அடியைக் கத்தியால கீறிப் பாத்தவர் எண்டு கதை சொல்லுவினம். ரயருக்கு அது பிறகுதான் வந்தது. கீறல் நேரா, ஒழுங்கா, எல்லாக் கட்டையிலயும் ஒரே மாதிரி இருந்தால் அது டிசைன். பக்கவாட்டில கோணல் மாணலா, வலை மாதிரி இருந்தால் அது வெடிப்பு, ரயர் கிழடு.

எங்கட றோட்டுக்கு எந்த டிசைன் நல்லது?

எங்கட றோட்டு எண்டு ஒண்டு இல்லையே, அதுதான் சிக்கல். ஏ9 காபட், வழுவழுப்பு. அதில இருந்து உள்ளுக்குத் திரும்பினாக் கிறவல். இன்னும் உள்ள போனா மழைக்குச் சுரி. முருங்கன் பக்கம் போனா கறுத்தக் களி, நனைஞ்சா மா பிசைஞ்ச மாதிரி ஒட்டும், சின்னத் தவாளிப்பெல்லாம் அடைச்சு அரை மைல் தூரத்திலயே ரயர் மொட்டையாயிடும். ஒரே வாகனம் ஒரே நாளில இது நாலையும் ஓடும். அதால நான் முதல் கேக்கிறது, கிழமையில எத்தினை நாள் எந்த றோட்டெண்டு.

கூடுதலாக் காபட்தான் எண்டால் நீளத் தவாளிப்பு மூண்டு நாலு போன வெட்டு எடுங்கோ, பெரிய கட்டை வேண்டாம், பாக்க ஆம்பிளைத்தனமா இருக்கெண்டு காருக்கு ஜீப் ரயர் போடுறவை இருக்கினம், இரைச்சலும் கூடும் எண்ணெயும் கூடக் குடிக்கும் நனைஞ்ச காபட்டில பிறேக்கும் நீளும். கிறவலெண்டால் கல்லுக் கடிக்கிறதையும் பாக்கோணும், கல்லு தவாளிப்புக்க செருகி ஓட ஓட உள்ளுக்கு இறங்கி அடியில இருக்கிற நூலைக் குத்தும். நல்ல லொறி ரயரில தவாளிப்பின்ர அடியில சின்னச் சின்ன மொட்டு மாதிரி இருக்கும், கல்லு இறங்காமத் திருப்பித் தள்ளுறதுக்கு. ரிப்பருக்கு முன்னுக்குப் பட்டி, பின்னுக்குக் கட்டை. சுரிக்கும் களிக்கும் இடைவெளி அகலமா, கட்டையின்ர பக்கம் சரிவா இருக்கோணும், அப்பதான் சேறு தானாக் கழண்டு விழும்.

பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஓடுற பைக், ஸ்கூட்டிக்கு நடுத்தரம் காணும், ரெண்டு மழைக்கு ஒருக்காக் குச்சியால தவாளிப்பைக் கிண்டி விடுங்கோ.

தேஞ்ச ரயருக்குத் திரும்ப வெட்டுப் போட்டுத் தருவினமாமே?

சூட்டுக் கத்தியால வெட்டுவினம், பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும். லொறி, பஸ் ரயர் சிலதில திரும்ப வெட்டலாமெண்டு பக்கவாட்டில அடிச்சே வரும், அதுக்கெண்டு அடியில மேலதிகமா ரப்பர் விட்டிருப்பினம். கார், பைக், திரீவீல் ரயரில அந்த ரப்பர் இல்லை. வெட்டினா நூல் வரைக்கும் கத்தி போகும், பிறகு தண்ணி இறங்கும், ஒரு வெயிலுக்கு வெடிக்கும்.

நான் கடை தொடங்கின புதுசில, வேற ஊர் வியாபாரி ஒராளிட்டப் பாவிச்ச ரயர் ஒரு லொட் எடுத்தனான், பேர் சொல்லேல்லை. வெட்டு நல்ல ஆழம், விலையும் மலிவு. அதில ஒண்டைத் திரீவீல் ஒண்டுக்குப் போட்டுக் குடுத்து மூண்டாம் நாள் வெடிச்சுப் பிரண்டது, அந்த ஐயாவுக்குக் கை முறிஞ்சது. பிறகு மிச்சத்தை அறுத்துப் பாக்க எல்லாம் கத்தி வேலை. அதுக்குப் பிறகு தவாளிப்பின்ர அடியைப் பாக்காமல் நான் ஒரு ரயரும் வாங்கினதில்லை. அச்சில வந்த தவாளிப்பின்ர அடி மழுமழுப்பா, மூலை வளைவா இருக்கும், மேல சொன்ன 1.6 மில்லிமீற்றர் மேடும் இருக்கும். கத்தியால வெட்டினதில மேடு வெட்டுப்பட்டுப் போயிருக்கும், விளிம்பு கூரா இருக்கும். நீங்களும் பாருங்கோ.

ரீபில்ட் ரயருக்கு எங்களுக்குப் பிடிச்ச டிசைன் போடலாமோ?

ஓரளவுக்கு. ரீபில்ட் ரெண்டு முறை. ஒண்டில பழைய ரயரைச் சுரண்டி, அவியாத ரப்பரை ஒட்டி, அச்சுக்குள்ள வச்சு அவிப்பினம், அப்ப அந்த அச்சில என்ன வெட்டிருக்கோ அதுதான் வரும். மற்றதில ஏற்கெனவே வெட்டோட அவிச்ச பட்டியை நீளமா வாங்கி, ஒட்டி, குறைஞ்ச சூட்டில பிடிக்க வைப்பினம், அதில வச்சிருக்கிற பட்டியளுக்க பாத்து எடுக்கலாம். பின் சில்லுக்குக் கட்டை வெட்டு, பெட்டிக்குப் பட்டி வெட்டு எண்டு கேட்டு எடுங்கோ.

ரீபில்ட் எண்டாலே கூடாதெண்டு நினைக்காதேங்கோ, விமான ரயரையே திரும்பத் திரும்ப ரீபில்ட் பண்ணித்தான் ஓடுறாங்கள். ஆனா முன் சில்லுக்குப் போடாதேங்கோ, அமெரிக்காவில பஸ்ஸின்ர முன் சில்லுக்குச் சட்டமே விடாது.

ரயர் டிசைனுக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ? ஆரும் பாத்துப் போடலாம்தானே?

சொந்தக்காரர் இருக்கினம். இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, அதில கைத்தொழில் டிசைனைப் பதியலாம். கொழும்பில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில பதிஞ்சா முதல் 5 வருசம், பிறகு ரெண்டு தரம் அஞ்சஞ்சு வருசம் புதுப்பிக்கலாம், மொத்தம் 15. அமெரிக்காவில 2015 மே 13இல இருந்து விண்ணப்பிச்சதுக்கு 15 வருசம், அதுக்கு முதல் விண்ணப்பிச்சதுக்கு 14. உலகத்தில டிசைன்களை வகை பிரிக்கிறதுக்கு லொக்கார்னோ ஒப்பந்தம் எண்டு 1968இல ஒண்டு செய்தவை, அதில ரயருக்கெண்டே இலக்கம் இருக்கு, 12-15. அதைப் பாக்க எனக்கு ஒரு மரியாதை வந்தது, எங்கட கையில கறுப்பாப் பிடிக்கிற சாமானுக்கு உலகக் கணக்கில ஒரு தனி வீடு இருக்கு.

அமெரிக்கப் பதிவுகளைப் பாத்தீங்களெண்டா எழுத்தே இல்லை, படத்தில காட்டின ரயர் வெட்டின்ர அலங்கார வடிவு எண்டு ஒரு வசனம், பிறகு முழுக்கப் படம்தான். முறியாத கோட்டில கீறினது உரிமை கேக்கிற பகுதி, புள்ளிக் கோட்டில கீறினது சும்மா இடம் காட்டுறதுக்கு. கனக்கப் படத்தில பக்கவாட்டைப் புள்ளிக் கோட்டில விட்டிருப்பினம், வெட்டுக்கு மட்டும்தான் உரிமை எண்டு.

வேலைக்கான வடிவைப் பதியேலாதெண்டும் சொல்லுகினம். வெட்டு முழுக்க வேலைதானே, பிறகெப்பிடி?

இது ஒரு சட்டம் படிக்கிற தங்கச்சி கேட்டது. எங்கட சட்டமும் ஒரு தொழில்நுட்ப வேலைக்காக மட்டுமே வந்த வடிவை டிசைன் எண்டு எடுக்காது. 'மட்டுமே' எண்டதில நில்லுங்கோ. முதல் கேள்விக்குச் சொன்னதுதான் இஞ்ச வருது: தண்ணி தள்ள ஒரு தவாளிப்பு வேணும், அது வேலை, ஆனா அதே தண்ணியை அதே அளவு தள்ள இன்னும் நூறு விதமா வளைச்சுக் கீறலாம். நூறில ஒண்டைத் தெரிஞ்செடுத்தது கண்ணுக்காக. அந்தத் தெரிவுக்குத்தான் டிசைன் உரிமை.

தண்ணி தள்ளுற முறையே புதுசெண்டா, அதுக்கு வேற வழி, சாதாரண காப்புரிமை. சைப் எடுத்தது அதுதான். ஒரே ரயரில ரெண்டும் இருக்கலாம்.

பாத்தா ரெண்டு ரயரும் ஒரே மாதிரித்தான் இருக்கு. அப்ப அது கொப்பிதானே?

அவசரப்பட்டுச் சொல்லாதேங்கோ. அமெரிக்காவில குட்இயர் கொம்பனி, ஹேர்க்கியூலிஸ் கொம்பனி தன்ர லொறி ரயர் வெட்டைக் கொப்பி பண்ணினதெண்டு வழக்குப் போட்டு, 1998இல மேன்முறையீட்டு நீதிமன்றத்தில தோத்தது. ஆற்ற கண்ணால பாக்கோணும் எண்டு கேள்வி வந்தது, றோட்டால போற ஆளின்ர கண்ணோ, லொறி ரயர் வாங்கிற ஆளின்ர கண்ணோ? லொறிக்காரற்ற கண்ணெண்டு எடுத்தவை. அந்தக் கண் பட்டி எத்தினை, தவாளிப்பு எப்பிடி வளையுது எண்டு பாத்து வித்தியாசம் பிடிக்கும். அதோட ஒப்பிடுறது பதிவில கீறின படத்தோட, கடையில விக்கிற ரயரோட இல்லை.

எனக்கு அது நியாயமாப் படுது. சேலை தெரியாத எனக்கு ரெண்டு சேலை ஒரே மாதிரித்தான், மனுசிக்கு அப்பிடியில்லை. ஆனா எழுத்துக்கூட மாறாமல் அச்சடிச்சுப்போட்டு பேரை மட்டும் மாத்தி விக்கிற ரயரும் சந்தையில வருது, அது வேற கதை, அதை நான் கடைக்குள்ள எடுக்கிறதில்லை. வடிவைக் களவெடுத்தவன் ரப்பரில மட்டும் ஒழுங்கா நடந்திருப்பானெண்டு நான் நம்பேல்லை.

என்ர மகள் கோலம் நல்லாப் போடுவாள், அவளும் ரயருக்கு டிசைன் கீறலாமோ அண்ணை?

ஏன் ஏலாது. ரயர் வெட்டை முழுசாக் கீறுறதில்லை, ஒரு துண்டைக் கீறி அதைச் சுத்திவரத் திருப்பித் திருப்பி வைக்கிறது, கோலத்தில ஒரு பூவைக் கீறி நாலு பக்கமும் வைக்கிற மாதிரி. வித்தியாசம், துண்டும் துண்டும் சேர்ற இடத்தில கோடு விடுபடக் கூடாது, கட்டை மெல்லிசாப் போய்க் கிழியக் கூடாது, மேசன் கண்டுபிடிச்ச மாதிரி அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாறோணும், அச்சில இருந்து ரப்பர் கழண்டு வரோணும். கணிதமும் வரைதலும் விடாமப் படிக்கட்டும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில டிசைனுக்கெண்டு பட்டப்படிப்பே இருக்கு. இன்னொண்டு, உண்மையாவே புது டிசைனொண்டு கீறினால் பதிய முதல் பேஸ்புக்கில போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, பதியிறதுக்கு அது புதுசா இருக்கோணும்.

ஞாயிறு பின்னேரம் கடை ஓய்வு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பழைய ரயர் அஞ்சாறு வகை வச்சிருக்கிறன், மை பூசி வெள்ளைக் கடதாசியில உருட்டிக் காட்டுறன், ஒரு துண்டு எங்க தொடங்கி எங்க முடியுதெண்டு அவளே விரல் வச்சுக் கண்டுபிடிக்கட்டும்.